பட்டுக் கயிறும் பதினொரு வெள்ளிக் கால்களும்

கொட்டாஞ்சேனை,
18.02.1996

இயேசு மரி சூசை

அன்புத் தங்கை செலீனுக்கு,

தேவ கிருபையால் நானும் றோஸியும் நலம். கோட்டையில் குண்டு வெடித்த அன்று எங்கள் வீட்டு யன்னல்கள் அதிர்ந்ததோடு சரி. இதை நீ தொலைபேசியில் மூன்று தரம் கேட்டு, நானும் மூன்று தரம் சொல்லிவிட்டேன். நாலாம் தரம் எழுத்தில் இருக்கட்டும். உன் இடுப்பு வலி எப்படி? மகனும் மருமகளும் சுகமா?

இங்கே ஒரு வழக்கு நடக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் சவுந்தரநாயகம் சுவாமி என்னையும் எங்கள் பங்காளி வெள்ளவத்தைக் கிளறன்ஸையும் கூப்பிட்டார். ஆகஸ்டில் வரும் சந்த றோக்கு திருநாள் சுற்றுப்பிரகாரத்துக்குப் பொலிஸ் பட்டியல் கேட்கிறதாம். பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் முன்கூட்டியே கொடுக்கவேண்டும். ஆட்களைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அதனால் எங்கள் குடும்பக் கயிற்றுக்கு இந்த முறை ஒரே ஒரு ஆள்தான்.

உனக்குத் தெரியாததா? சொரூபத்தின் பின்னால், வெறுங்காலோடு, கழுத்தில் சிவப்புப் பட்டுக் கயிறும் கையில் மெழுகுதிரியுமாக நடக்கிற உரிமை கொட்டாஞ்சேனையில் வேறு எந்தக் குடும்பத்துக்கு இருக்கிறது? இத்தனை வருஷமும் எங்கள் பக்கத்துக்கு ஒருவர், கிளறன்ஸ் பக்கத்துக்கு ஒருவர் என்று நடந்தோம். இப்போது ஒருவர்தான் என்றதும் அவன் சுவாமி முன்னாலேயே, "மூத்தவன்ட வழி நாங்க, கயிறு எங்களுக்குத்தான்" என்கிறான். மூத்த மகனின் வழி நாங்கள்தான் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாய் அல்லவா? சொன்னேன். "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டான்.

புதுக்கடை நீதிமன்றப் பதிவறையில் முப்பத்தொரு வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவனிடம் ஆதாரம் கேட்கிறான்! சுவாமி மே மாதக் கடைசி வரை தவணை தந்திருக்கிறார். அதற்குள் எங்களுக்குள் முடிவு வராவிட்டால் இரண்டு பேர் பெயரும் இல்லையாம். நான் சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் எங்கள் பூட்டனுடைய தகப்பன் பஸ்தியாம்பிள்ளை வரைக்கும் தோண்டி எடுக்கப்போகிறேன். கிளறன்ஸோடு இனிப் பேச்சு இல்லை.

எல்லோருக்கும் எங்கள் ஆசீர்.

அண்ணா ஒஸ்வால்ட்


மெல்பேர்ண்,
06.03.1996

அன்புள்ள அண்ணாவுக்கும் றோஸி மச்சாளுக்கும்,

நாங்கள் எல்லோரும் சுகம். இடுப்பு வலி இருக்கிறது, ஆனால் அது இல்லாவிட்டால் நான் யாரோடு சண்டை பிடிப்பது? நீங்கள் மருந்தை நேரத்துக்கு எடுக்கிறீர்களா என்று மச்சாள் தனியாக எழுதவேண்டும்.

கயிற்று வழக்கை வாசித்துச் சிரித்தேன், கோபிக்கவேண்டாம். கயிற்றின் குஞ்சம் பழசாகிவிட்டது என்று போன வருஷம் சொன்னீர்களே, தங்க நூல் வாங்கி இத்தோடு அனுப்பியிருக்கிறேன். யார் போட்டாலும் எங்கள் கயிறுதானே. கிளறன்ஸ் உங்களைவிட எட்டு வயது இளையவன். ஒரு வருஷம் அவனுக்கு விட்டுக்கொடுத்தால் என்ன?

நீங்கள் சுவடிகளைத் தோண்டப்போவதால் ஒரு சிரிப்பு விஷயம் சொல்கிறேன். என் மருமகளின் தகப்பன் வீட்டு வரவேற்பறையில் ஒரு பழைய காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கலியாணப் படத்தைவிடப் பெரிது. அவருடைய முன்னோர் ஒருவர் இரண்டு ஆடு திருடி, விலங்கோடு கப்பலில் ஏற்றப்பட்டு இங்கே வந்தவராம். அதற்கான தண்டனைப் பத்திரம் அது! வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். இந்த ஊரில் கைதி வழி வந்தவர்கள் என்றால் பெரிய குடிப்பிறப்பு. போன கிழமை என்னிடம், "உங்கள் பக்கத்தில் யாராவது?" என்று ஆவலோடு கேட்டார். எங்கள் குடும்பத்தில் ஒரு கள்ளன்கூட இல்லையா அண்ணா? கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

அன்புடன்,
செலீன்


கொட்டாஞ்சேனை,
02.04.1996

இயேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் தங்க நூலும் பத்திரமாகக் கிடைத்தன. நாங்கள் சுகம். றோஸிக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து போய்விட்டது. அவள் உனக்குத் தனியாக எழுதுவதைத் தடைசெய்திருக்கிறேன்.

உன் சம்பந்தியிடம் சொல்லு: எங்கள் பஸ்தியாம்பிள்ளை ஆடு திருடியவர் அல்ல. சந்த றோக்குவின் காலில் புண் இருந்ததல்லவா? அதனால் கால் வருத்தம் மாறினவர்கள் வெள்ளியில் சின்னக் கால் செய்து கோயிலில் காணிக்கை வைப்பார்கள். பஸ்தியாம்பிள்ளை ஒரே திருநாளில் பதினொரு வெள்ளிக் கால் கொடுத்தவர் என்றுதானே அப்பாவின் பேச்சு. அந்தக் கொடைக்காகத்தான் அந்தக் காலத்துச் சுவாமி குடும்பத்துக்குக் கயிறு போட்டு மரியாதை செய்தார். அப்பேர்ப்பட்ட மனிதனின் வம்சத்தில் கள்ளனைத் தேடச் சொல்கிறாய்!

சுவடிகள் திணைக்களத்துக்கு இதுவரை ஐந்து தரம் போய்விட்டேன். வழியில் இரண்டு சோதனைச் சாவடி. பையைத் திறந்தால் ஒரு பென்சில், ஒரு கொப்பி, றோஸி கட்டித் தந்த பாண். ஐந்தாம் தரம் சாவடிப் பொலிஸ்காரன் சிங்களத்தில், "அதத் பாண்த அங்கிள்?" என்று கேட்டுவிட்டு மூடிவிட்டான். இன்றைக்கும் பாண்தானா என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டோம். வாசிப்பறையில் பைறோஸா மிஸ் என்று ஒருவர். நல்ல பிள்ளை. நான் பதிவறைக்காரன் என்று தெரிந்ததும் பழைய மனுக்களின் அட்டவணையையே எடுத்துத் தந்துவிட்டார். பஸ்தியாம்பிள்ளை என்ற பெயருக்கு எதிரே ஒரு கோப்பு இலக்கம் இருக்கிறது, 1850ஆம் ஆண்டு. அடுத்த செவ்வாய் தருவார்களாம். அரசாங்கம் அவருக்குக் கொடுத்த நற்சான்றாக இருக்கும்.

கிளறன்ஸைப் பூசையில் கண்டேன். இரண்டு பேரும் பீடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அண்ணா


மெல்பேர்ண்,
20.05.1996

அன்புள்ள அண்ணா,

சுகமா? ஏழு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தொலைபேசியில் கேட்டால் மச்சாள், "கொண்ணா நல்லா இருக்கிறார், ஆனா கதைக்கிறார் இல்லை" என்கிறார். நீங்கள் கதைக்காமல் இருப்பதா! எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. உடம்புக்கு ஏதாவதா? பொலிஸ் பதிவில் ஏதாவது கரைச்சலா? அந்த 1850 கோப்புக் கிடைத்ததா?

இரண்டு வரியாவது எழுதுங்கள்.

செலீன்


கொட்டாஞ்சேனை,
03.06.1996

இயேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே நல்ல மழை. கிராண்ட்பாஸ் பக்கம் வெள்ளம், எங்களுக்கு இல்லை. றோஸி எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள்.

கோப்புக் கிடைத்தது. மூத்த மகன் மனுவேல், இளையவன் கபிரியேல் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நாங்கள் கபிரியேல் வழி. ஆகவே கிளறன்ஸ் சொன்னதுதான் சரி. போன கிழமை சுவாமியிடம் போய்க் கயிற்றைக் கிளறன்ஸுக்கே கொடுக்கும்படி சொல்லி, பட்டியலில் அவன் பெயரையும் எழுதிக்கொடுத்துவிட்டேன். உன் தங்க நூலில் றோஸி புதுக் குஞ்சம் கட்டினாள். அதையும் கொடுத்தாயிற்று.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அண்ணா


மெல்பேர்ண்,
18.06.1996

அன்புள்ள அண்ணா,

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நீங்கள் என்ன செய்தீர்கள்?

நேற்றுக் கிளறன்ஸ் வெள்ளவத்தையிலிருந்து தொலைபேசி எடுத்தான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் குரலைக் கேட்கிறேன். "அண்ணா தன்ட வாயாலேயே நான்தான் மூத்த வழியெண்டு சுவாமிட்ட சொன்னாராம், அப்பிடியொரு மனுசனைப் போய் நான் ஆதாரம் கேட்டனே" என்று அழுகிறான். உங்களுக்கு ஒரு கேக் செய்து கொண்டுவந்தானாம், நீங்கள் அவன் முகத்தைப் பார்க்காமலே வாங்கி வைத்தீர்களாம். உங்களுடைய அடக்கத்தை அவன் புகழ்கிறான்!

அண்ணா, நான் உங்களோடு ஒரே வீட்டில் இருபத்தொரு வருஷம் வளர்ந்தவள். கரம் விளையாட்டில் எனக்கு எட்டு வயதில்கூட நீங்கள் ஒரு காயை விட்டுத்தந்ததில்லை. மூத்தவன் யார் என்று தெரிந்திருந்தால் பிறந்த திகதி பிழை, எழுத்து மங்கல், சாட்சி போதாது என்று இன்னும் இரண்டு வருஷம் இழுத்திருப்பீர்கள். அந்தக் கோப்பில் வேறு என்ன இருந்தது?

செலீன்


கொட்டாஞ்சேனை,
02.07.1996

இயேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

நீ பொலிஸில் சேர்ந்திருக்கவேண்டியவள். நாங்கள் சுகம். ஆனால் ஒரு மாதமாக எனக்கு நித்திரை சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

நீ கேட்ட கள்ளன் கிடைத்துவிட்டான். பஸ்தியாம்பிள்ளை பதினொரு வெள்ளிக் கால் கொடுக்கவில்லை. எடுத்தார். 1846இல் கோயில் பெட்டியை உடைத்து எடுத்து, உருக்கக் கொடுத்த இடத்தில் பிடிபட்டு, ஏழு வருஷம் மலாக்காவுக்கு விலங்கோடு கப்பலேற்றப்பட்டார். தீர்ப்பின் சுருக்கம் கோப்பில் முதல் தாளாக இருக்கிறது. இந்த மாதிரித் தாள்களை ஆயிரக்கணக்கில் கையால் தொட்டவன் நான். இதை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்.

இரண்டாவது தாள் அவருடைய மனைவி இசபெல்லாளின் மனு. புருஷனைத் திருப்பித் தரச் சொல்லி 1850இல் அரசாங்கத்துக்குக் கொடுத்தது. அதில் சொல்கிறாள்: "என் புருஷன் செய்த குற்றத்துக்காகக் கோயில் சுவாமி விதித்தபடி நானும் என் மக்கள் மனுவேல், வயது ஒன்பது, கபிரியேல், வயது ஆறு, இருவரும் மூன்று வருஷத் திருநாளிலும் கழுத்தில் தும்புக் கயிறு கட்டி, வெறுங்காலோடு, மெழுகுதிரி பிடித்து, சொரூபத்துக்குப் பின்னால் எல்லோரும் பார்க்க நடந்து தவம் முடித்தோம்."

விளங்கியதா? கயிறு மரியாதை அல்ல. கள்ளனின் குடும்பத்துக்குக் கழுத்தில் கட்டிய தண்டனைக் கயிறு. தேங்காய்த் தும்பு நூலாகி, நூல் பட்டாகி, நாங்கள் அதற்குக் குஞ்சமும் வைத்தோம். ஊரும் மறந்துபோனது. தலையை நிமிர்த்திக்கொண்டு நான் முப்பது திருநாள் நடந்திருக்கிறேன், செலீன்.

அந்த இடத்திலேயே கோப்பை மூடிவிட்டேன். பிறகு வெட்கமும் கோபமும் வந்தன. அதற்குப் பிறகு வந்ததைத்தான் உன்னிடம் மறைத்தேன். 'கிளறன்ஸுக்குத்தானே கயிறு வேண்டும், அவனே வைத்துக்கொள்ளட்டும்' என்று எனக்குள் ஒரு சிரிப்பு. தண்டனையைப் பரிசு மாதிரிக் கட்டி அவன் கையில் கொடுத்தேன். அவன் என் கையைப் பிடித்து முத்தமிட்டான். அந்தக் கேக்கை என்னால் விழுங்க முடியவில்லை. நான் செய்தது பஸ்தியாம்பிள்ளை செய்ததைவிடக் கேவலம்.

அண்ணா


மெல்பேர்ண்,
13.07.1996

அன்புள்ள அண்ணா,

நீங்கள் நித்திரை கொள்ளவேண்டும், ஆகவே முதலில் திட்டிவிடுகிறேன். செய்தது வெட்கக்கேடு. திட்டி முடிந்தது.

இப்போது கேளுங்கள். வெள்ளிக் கால் இடத்தில் நான் சிரித்தேன். தும்புக் கயிற்று இடத்தில் அழுதேன். ஆறு வயதுப் பிள்ளையின் கழுத்தில் தும்பு எப்படி அரித்திருக்கும்! நான் வேறு அதற்குத் தங்க நூல் வாங்க நாலு கடை ஏறி இறங்கினேன்.

இந்த ஞாயிறே வெள்ளவத்தைக்குப் போங்கள். கிளறன்ஸிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அவன் தெரிந்துகொண்டு நடக்கட்டும், அல்லது நடக்காமல் விடட்டும். தெரியாமல் நடக்கவிட வேண்டாம். இன்னொன்று, கோப்பை இடையில் மூடியதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் வேறு தாள் இருக்கிறதா? ஒரு வழக்கைப் பாதியில் மூடுகிற பழக்கம் உங்களுக்கு எப்போது வந்தது?

மச்சாளுக்கு என் அன்பு. போய்விட்டு உடனே எழுதுங்கள்.

செலீன்


கொட்டாஞ்சேனை,
01.08.1996

இயேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

தெகிவளை ரயில் குண்டுச் செய்தி கேட்டுப் பயந்திருப்பாய். நாங்களும் கிளறன்ஸ் வீட்டாரும் பத்திரம். இறந்தவர்களுக்காக நேற்றுக் கோயிலில் பூசை நடந்தது. உன் சுகத்துக்கும் றோஸி செபம் சொல்கிறாள்.

ஞாயிறு வெள்ளவத்தைக்குப் போனேன். கிளறன்ஸ் என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்து இருத்தினான். அதனால் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், என் மனதில் இருந்த கெட்ட சிரிப்பையும் சேர்த்து. அவன் அலுமாரியிலிருந்து பட்டுக் கயிற்றை எடுத்து மேசையில் வைத்தான். விரலால் குஞ்சத்தைத் தட்டிக்கொண்டு கேட்டான்.

"அப்ப இவ்வளவு காலமும் நாங்க களவுக் கேஸுக்கா நடந்தனாங்கள்?"

"ஓம்."

"மூண்டு வருசம்தானே தண்டனை? அது முடிஞ்சு எவ்வளவோ காலமாப் போச்சு. மரியாதையும் இல்லை, தண்டனையும் இல்லை. நான் ஏன் நடக்கவேணும்? சுவாமிட்டச் சொல்லி ரெண்டு பேர்ட பேரையும் வெட்டுவம்."

போட்டி போட்டபோதுகூட அந்த நடை நின்றுபோகும் என்று நான் நினைக்கவில்லை. உன் கேள்வி ஞாபகம் வந்தது. "மூன்று வருஷத்தில் முடிந்தது என்றால் நாலாம் வருஷம் யார் நடக்கச் சொன்னது? கடைசித் தாளை நான் வாசிக்கவில்லை. இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்போம்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை போனோம். பைறோஸா மிஸ் கோப்பை வைத்துவிட்டு, "தம்பியா?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓம் என்றோம். கடைசித் தாள் அந்தக் காலத்துச் சுவாமி மனுவோடு இணைத்துக்கொடுத்த சான்றுக் கடிதம். ஆங்கிலத்தில் இருந்தது. நான் மெதுவாகத் தமிழில் சொல்ல, கிளறன்ஸ் எழுதினான். அவன் எழுதியதையே உனக்குப் பிரதி செய்கிறேன். நான் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை:

"தவம் முடிந்தது, இந்த வருஷம் வரவேண்டியதில்லை என்று நானே அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இருந்தும் திருநாளன்று இரண்டு பிள்ளைகளோடும் வந்தாள். மூவர் கழுத்திலும் கயிறு இருந்தது. ஏன் வந்தாய் என்று கேட்டேன். 'மூன்று வருஷமும் அவருக்காக நடந்தோம். இது எங்களுக்காக' என்றாள். சனங்கள் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்கள். இவள் நேர்மையான பெண் என்று இதனால் சான்று கூறுகிறேன்."

பஸ்தியாம்பிள்ளை மலாக்காவிலிருந்து திரும்பியதாகக் கோப்பில் ஒன்றும் இல்லை.

கிளறன்ஸ் பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "மூவர் கழுத்திலும் எண்டுதானே கிடக்கு, மூத்தவன் இளையவன் எண்டு இல்லையே. பட்டியலில உங்கட பேரையும் போடவேணும்" என்றான். சுவாமியிடம் கேட்டோம். தெகிவளைக்குப் பிறகு பொலிஸ் இன்னும் இறுக்கிவிட்டது, ஒரு பெயரும் கூட்ட முடியாதாம். பரவாயில்லை, கிளறன்ஸ் நடக்கட்டும், இந்த முறை மனதோடு சொல்கிறேன்.

அண்ணா


கொட்டாஞ்சேனை,
18.08.1996

இயேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். என் முழங்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. அதன் காரணத்தைக் கேட்டால் நீ திட்டமாட்டாய். உன் கடிதம் வந்தது, தண்டனைப் பத்திரத்தின் பிரதி கேட்டிருந்தாய். பைறோஸா மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறேன், தீர்ப்பும் சுவாமியின் சான்றும் இரண்டும் வரும். இரண்டையும் சேர்த்து மாட்டவேண்டும், ஒன்றை மட்டும் மாட்ட உனக்கு அனுமதி இல்லை.

வெள்ளிக்கிழமை திருநாள் நடந்தது. கோயில் வாசலில் தடுப்பு, பொலிஸ்காரன் கையில் பட்டியல். நான் கிளறன்ஸை வாசல் வரை கொண்டுபோய் விடத்தான் போனேன். வீட்டிலிருந்து சட்டைக் கழுத்தை மூடிக்கொண்டு வந்தவன் அங்கே பொத்தானைக் கழற்றினான். பட்டுக் கயிறு இல்லை. தும்புக் கயிறு, கடையில் முழக்கணக்கில் வாங்கியது, இரண்டு சுற்றாகக் கழுத்தில் கிடந்தது. எனக்கு அவன் சொல்லவே இல்லை.

பொலிஸ்காரன் சின்னப் பெடியன். கயிற்றைப் பார்த்துவிட்டு, "மொகட்டத மே லணுவ?" என்று அதட்டினான். இந்தக் கயிறு எதற்கு என்று கேட்டால் கிளறன்ஸ் என்ன சொல்லவேண்டும்? நேர்த்தி, வழக்கம், ஏதோ ஒன்று சொல்லித் தப்பலாம். அவன் நெஞ்சை நிமிர்த்தி, "அபே முத்தா ஹொரெக், மஹத்தயா" என்றான். எங்கள் முன்னோன் ஒரு கள்ளன், ஐயா! பின்னால் நின்ற சனம் முழுக்கக் கேட்டது. சனத்துக்குள் நின்ற மாக்ரெட் ரீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெடியன் சிரித்துவிட்டான். பிறகு என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டான். "எயாத் ஏ பவுலெம" என்றான் கிளறன்ஸ், இவரும் அதே குடும்பம்தான் என்று. பெடியன் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான், என் வெறுங்கழுத்தைப் பார்த்தான்.

"எஹெனங் எயாகெ லணுவ கோ?"

அப்படியென்றால் இவருடைய கயிறு எங்கே என்று கேட்கிறான், செலீன். கிளறன்ஸ் தன் கழுத்தில் கிடந்த இரண்டு சுற்றில் ஒன்றைக் கழற்றி என் தலைக்கு மேலால் போட்டான். பெடியன் பட்டியலின் அடியில் என் பெயரைப் பேனையால் எழுதிக்கொண்டு தடுப்பை விலக்கினான். நான் சப்பாத்தை அங்கேயே கழற்றிப் போட்டேன்.

தும்பு கழுத்தை நன்றாகவே அரித்தது. ஒரே கயிறு என்பதால் ஒருவர் முந்தினால் மற்றவரை இழுக்கும். எனக்கோ முழங்கால் வருத்தம், எட்டி நடக்க முடியாது. கோயிலைச் சுற்றி முடியும் வரைக்கும் கிளறன்ஸ் எனக்காக மெதுவாக நடந்தான்.

உன் அண்ணா,
ஒஸ்வால்ட்